ஒன்பது நாப்கினும் ஒரு தாழ்ப்பாளும்

மரக்காணம் சாலையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து திண்டிவனத்துக்குப் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். காலை ஏழேகால் மணிக்கு வீட்டில் குளித்து முடித்து, நாப்கின் வைத்துக்கொண்டு கிளம்புகிறாள். ஏழரைக்கு டவுன் பஸ். ஒன்பதேகாலுக்குப் பிரார்த்தனைக் கூட்டம், நாலேகாலுக்குக் கடைசி மணி. அப்புறம் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பு, கூட்ட நெரிசல், இறங்கிய பிறகு ஒரு கிலோமீட்டர் நடை. வீட்டு வாசலை மிதிக்கும்போது மணி ஐந்தரை தாண்டிவிடும். பத்து மணி நேரத்துக்கு மேல்.

ஒரு நாப்கினை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, மிஞ்சிப்போனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆகவே மாதத்தில் நான்கைந்து நாள், இந்தப் பெண் பள்ளியில் இருக்கும்போது ஒரு முறையாவது மாற்றியே ஆக வேண்டும். அதற்கு வழி இல்லையென்றால் அவள் என்ன செய்வாள்? ஒன்று, காலையில் வைத்ததோடு மாலைவரை சமாளிப்பாள். தொடை உராய்ந்து புண்ணாகும், பாவாடையில் கறை படுமோ என்ற பயத்தில் பாடம் மண்டையில் ஏறாது. இல்லையென்றால், ‘வயிற்று வலி’ என்று ஒரு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

மாதவிடாய் வறுமை என்ற பெரிய சொல்லுக்குக் கிராமப் பள்ளியில் அர்த்தம் இதுதான். அந்த ஒரு முறை மாற்றுவதற்கு வேண்டியவை: பையில் இன்னொரு நாப்கின், தாழ்ப்பாள் உள்ள கதவு, ஒரு வாளித் தண்ணீர், பழையதைப் போட மூடி உள்ள ஒரு தொட்டி, ‘எதற்கு’ என்று கேட்காமல் வெளியே அனுப்பும் ஓர் ஆசிரியர். இந்த ஐந்தில் நான்கு இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் அந்த நாள் போயிற்று. விழுப்புரம் மாவட்டத்தில் இந்த வேலையில் இறங்க நினைக்கும் ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், மகளிர் குழு, ஊராட்சித் தலைவர், இளைஞர் மன்றம் யாராக இருந்தாலும் இந்த ஐந்தில் தங்கள் பள்ளியில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாப்கின் டப்பாக்களை வாங்கிக் குவித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதிலிருந்து அல்ல.

முதலில் கணக்கு

தமிழ்நாடு இந்த விஷயத்தில் சும்மா இருந்த மாநிலம் இல்லை. ‘புதுயுகம்’ திட்டம் 2011இல் அறிவிக்கப்பட்டு, 2012 முதல் கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்கிவருகிறது. பள்ளியில் படிப்பவர்களுக்கு ஆசிரியை மூலமாகவும், படிக்காதவர்களுக்கு அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர் மூலமாகவும் கிடைக்கும். பிரசவித்த தாய்மாருக்கும் சிறையில் உள்ள பெண்களுக்கும்கூட இதில் இடம் உண்டு. நாட்டின் பல மாநிலங்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே இங்கே வந்துவிட்ட திட்டம் இது. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 24 வயதுவரையான பெண்களில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவோர் இந்திய அளவில் ஏறக்குறைய 78 சதவீதம். தமிழ்நாட்டில் 98 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பெருமைப்பட வேண்டிய எண்தான்.

ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு கழித்தல் கணக்கு ஒளிந்திருக்கிறது. புதுயுகத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், ஆண்டுக்கு 18 பாக்கெட். ஒரு பாக்கெட்டில் 6 நாப்கின். மொத்தம் 108. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு 9. ஐந்து நாள் உதிரப்போக்கு, ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு என்று வைத்தால் தேவை 15 முதல் 20. மீதி ஆறிலிருந்து பதினொன்றுவரை யார் வாங்கித் தருவது? வீட்டில் அக்கா, தங்கை, அம்மா என்று மூன்று பேர் இருந்தால் அந்த ஒன்பதும் பங்குபோகும். அம்மா பெரும்பாலும் பழைய சேலைத் துணிக்குப் போய்விடுவார். ‘நாப்கின் பயன்படுத்துகிறாயா?’ என்று கணக்கெடுப்பவர் கேட்டால் அந்தப் பெண் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வாள். பொய்யும் அல்ல. எத்தனை, எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, பள்ளிக்கு வரும் புதுயுகம் நாப்கின் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒழுங்காக வருகிறதா, வந்தது பீரோவில் தூங்காமல் கைக்குப் போகிறதா என்று பார்ப்பது. வருகைப் பதிவேட்டைப் போலவே இதற்கும் பதிவேடு உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு அதைக் கேட்டுப் பார்க்கலாம். கோடை விடுமுறை தொடங்கும் முன் மே மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவதற்கு ஆசிரியையிடம் பேசி வைக்க வேண்டும். விடுமுறையில் நின்றுபோகும் பழக்கம் ஜூனில் தானாகத் திரும்பி வருவதில்லை.

இரண்டாவது, குறையும் மீதி நாப்கினை மலிவாக வாங்கும் வழி. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் ‘சுவிதா’ என்ற பெயரில் ஒரு நாப்கின் ஒரு ரூபாய்க்கு விற்கிறது. 2019 ஆகஸ்ட் 27 முதல் இந்த விலை. ஒரு மாணவிக்கு மாதம் 10 நாப்கின் என்றால் 10 ரூபாய். நூறு மாணவிகள் உள்ள பள்ளிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். கல்யாண வீட்டு பேனர் ஒன்றின் செலவுகூட ஆகாது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மக்கள் மருந்தகம் எது, இருப்பு தொடர்ந்து வருகிறதா என்று முன்கூட்டியே விசாரித்து, மொத்தமாகச் சொல்லிவைத்து வாங்குவது நல்லது. முன்னாள் மாணவர்களிடம் பணம் திரட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு ஊர்க்காரர்கள் முறையாக உதவுவதற்காகவே 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது அது.

கடைக்காரர் விலையைக் குறைக்காமல் இருக்க வரி ஒரு சாக்காக இனி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 சதவீதம் வரி போட்டார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. 2018 ஜூலையில் அந்த வரி முழுவதுமாக நீங்கியது.

நாப்கின் கொடுத்தால் லீவ் குறையுமா?

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில், ‘தனியாகக் கொடுத்தால் குறையும் என்று சொல்ல முடியாது’ என்பதுதான். நேபாளத்தின் சித்வன் மாவட்டத்தில் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவிகளிடம் எமிலி ஆஸ்டர், ரெபேக்கா தார்ன்டன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதி மாணவிகளுக்கு மாதவிடாய்க் கிண்ணம் கொடுத்தார்கள், மறு பகுதிக்குக் கொடுக்கவில்லை. பள்ளி வருகையில் இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை. மாதவிடாயால் அந்த மாணவிகள் இழந்த நாள் ஆண்டுக்கு அரை நாளுக்கும் குறைவு. இன்னொரு பக்கம், இந்தியாவில் நடந்த 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கட்டுரை ஒன்று, மாதவிடாய் நாட்களில் பள்ளிக்குப் போவதில்லை என்று நான்கில் ஒரு மாணவி சொன்னதாகக் கூறுகிறது.

இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. ஊருக்கு ஊர் காரணம் வேறு. அஞ்சலி அடுகியா என்ற ஆய்வாளர், 2000களில் இந்தியப் பள்ளிகளில் கழிப்பறை கட்டியதால் என்ன மாறியது என்று ஆராய்ந்தார். சின்னக் குழந்தைகளுக்கு எந்தக் கழிப்பறையானாலும் பள்ளிச் சேர்க்கை கூடியது. பருவமடையும் வயதுப் பெண்களுக்கோ தங்களுக்கென்று தனிக் கழிப்பறை இருந்தால்தான் கூடியது. ஒரு பெண்பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய்க்கும் இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. ஆனால் அரசாங்க ஆபீசில் பேசும்போது இது கையில் இருப்பது பலம்.

தங்கள் பள்ளியின் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: ஏழு முதல் பத்தாம் வகுப்புவரை மாணவிகளின் வருகைப் பதிவேட்டை மூன்று மாதத்துக்கு எடுத்துப் பார்ப்பது. நாலு வாரத்துக்கு ஒரு முறை ஒன்றிரண்டு நாள் விடுப்பு என்ற ஓட்டம் தெரிகிறதா என்று ஓர் ஆசிரியை மட்டும் பார்த்தால் போதும். பெயர்களைக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது, பலகையில் எழுதக் கூடாது. அதோடு ஓர் அட்டைப் பெட்டியை வகுப்பில் வைத்து, பெயர் எழுதாத சீட்டில் ஒரே கேள்விக்குப் பதில் கேட்கலாம்: ‘அந்த நாட்களில் பள்ளியில் உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?’ கழிப்பறைக் கதவு என்று முப்பது சீட்டு வந்தால் வேலை எங்கே என்று தெரிந்துவிடும்.

கதவு, கொக்கி, வாளி

பள்ளிக் கழிப்பறையைப் பார்க்கச் சிறந்த நேரம் திறப்பு விழா அன்று அல்ல. திங்கட்கிழமை காலை பதினொரு மணி, இடைவேளை முடிந்த கையோடு. ஒரு பெண் ஆசிரியரும், குழுவில் உள்ள இரண்டு தாய்மாரும், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் சேர்ந்து போக வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்க வேண்டும். பல இடங்களில் தாழ்ப்பாள் இருக்கும். சட்டத்தில் அது நுழைய வேண்டிய ஓட்டை இருக்காது. கதவின் அடிப்பகுதி தண்ணீர் பட்டு அரித்துப்போயிருக்கும். வெளியே இன்னொரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் நடைமுறைத் தாழ்ப்பாளாக இருக்கும். துணைக்கு ஆள் கிடைக்காத பெண் போக மாட்டாள்.

அடுத்து, சுவரில் ஒரு கொக்கி இருக்கிறதா? நாப்கின் மாற்றும்போது புது நாப்கினையும் சுடிதார் பேன்ட்டையும் எங்கே வைப்பது? ஈரத் தரையில் வைக்க முடியாது. பல்லில் கடித்துக்கொண்டு மாற்றும் பெண்கள் இருக்கிறார்கள். முப்பது ரூபாய் கொக்கி ஒன்று அதைத் தீர்க்கும். வாளி, மக், குழாய். குழாய் இருந்தால் மோட்டார் ஓடுகிறதா, தொட்டி நிரம்புகிறதா? சோப். வெளிச்சத்துக்கு ஜன்னல், அந்த ஜன்னல் பையன்கள் விளையாடும் பக்கம் திறக்கிறதா? மூடி போட்ட, காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டி. இவ்வளவும் சேர்த்து ஒரு கழிப்பறைக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். இதற்கு யாருடைய பெரிய மனசும் தேவையில்லை, ஒரு கார்பென்டரும் ஒரு பிளம்பரும் அரை நாள் வந்தால் போதும்.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பிலேயே உள்ள நிபந்தனை. நாற்பது மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை என்பது தூய்மைப் பள்ளித் திட்டத்தின் அளவுகோல். முந்நூறு மாணவிகளுக்கு மூன்று இருந்தால், பத்து நிமிட இடைவேளையில் வரிசையில் நின்றே மணி அடித்துவிடும். கட்டடம் வரத் தாமதமாகும் என்றால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பெண்கள் வகுப்புகளுக்கு இடைவேளையை ஐந்து நிமிடம் முன்பின்னாகப் பிரித்துவிடுவது. தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கையில் முடிக்கக்கூடிய வேலை.

சுத்தம் செய்பவர் யார், அவருக்குச் சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்று கேட்காமல் கழிப்பறையைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை. ஊராட்சி வழியாகக் கூலி பெறும் அந்தத் தூய்மைப் பணியாளரும் பெரும்பாலும் ஒரு பெண்தான். கையுறையும் நீளத் துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் அவருக்குக் கிடைப்பதைக் குழு உறுதிசெய்ய வேண்டும். மாணவிகளை வைத்துக் கழுவச் சொல்வது கூடவே கூடாது.

வானூரில் தைக்கும் துணி

இந்த மாவட்டத்திலேயே, வானூர் வட்டத்தில், உலகம் திரும்பிப் பார்க்கும் ஒரு முயற்சி நடக்கிறது என்பது திண்டிவனத்துக்காரர்கள் பலருக்கே தெரியாது. ஆரோவில்லில் உள்ள ‘ஈகோஃபெம்’ 2010 முதல் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினைத் தயாரிக்கிறது. கேத்தி வாக்லிங்கும் ஜெசமைன் மீடமாவும் தொடங்கியது. தைப்பவர்கள் சுற்றுக் கிராமங்களின் பெண்கள். வெளிநாட்டில் விற்கும் நாப்கினின் பணத்திலிருந்து இந்திய மாணவிகளுக்கு இலவசமாகத் துணி நாப்கின் போகிறது. கையில் திணித்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கமல்ல. முதலில் மாணவிகளோடு உட்கார்ந்து உடலைப் பற்றிப் பேசுகிறார்கள், கேள்வி கேட்க விடுகிறார்கள், எல்லா வகை நாப்கினையும் காட்டுகிறார்கள், பிறகுதான் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது துணியைவிட இந்த வரிசையைத்தான்.

துணி நாப்கினின் அமைப்பு எளிது. உடம்பில் படும் பக்கம் மெத்தென்ற பருத்தி ஃபிளானல். நடுவே உறிஞ்ச அடுக்கடுக்காகப் பருத்தி. அடியில் ஈரம் கசியாத மெல்லிய பூச்சுத் துணி. இரண்டு பக்கமும் இறக்கை, அதில் பிரஸ் பட்டன். ஒரு நாப்கினைப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். மாதவிடாய் வறுமைக்கு மாதாமாதம் செலவு வைக்காத விடை இது. ஆனால் ஒரு நிபந்தனை: துவைக்கவும் வெயிலில் காயவைக்கவும் இடம் வேண்டும்.

அங்கேதான் சங்கடம். குளிர்ந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து (வெந்நீர் கறையை நிலைக்கவைத்துவிடும்), சோப் போட்டுக் கசக்கி, நேர் வெயிலில் காயப்போட வேண்டும். நம் வீடுகளில் இந்தத் துணி காயும் இடம் கட்டிலுக்கு அடியில், ஓலைக்கு இடுக்கில், அல்லது கொடியில் இன்னொரு பாவாடைக்கு உள்ளே. அண்ணன் பார்ப்பான், அப்பா பார்ப்பார். பாதி காய்ந்த ஈரத் துணியில் கிருமி வளரும். அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரும். பிறகு பழி துணி மேல் விழும். துணி நாப்கின் கொடுக்கும் எந்தக் குழுவும் அதோடு கிளிப்பையும், கொடியில் வெளிப்படையாகக் காயப்போடலாம் என்று வீட்டு ஆண்களிடம் சொல்லும் துணிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் வெயிலே தெரியாத இந்தப் பகுதியில், மழை மாதங்களுக்குத் தூக்கிப்போடும் பஞ்சு நாப்கின், மற்ற மாதங்களுக்குத் துணி என்று கலந்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மழை மாதம் என்றால் புயலும் வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் வீடுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. அரிசி, பால் பவுடர், போர்வை என்று நிவாரணப் பை கட்டுபவர்கள் அதில் இரண்டு பாக்கெட் நாப்கினும் ஓர் உள்ளாடையும் வைக்க வேண்டும் என்பதை அடுத்த புயலுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மகளிர் குழுவே நாப்கின் தயாரிக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். கோவையின் அருணாசலம் முருகானந்தம் அதற்கு வழிகாட்டி. மனைவி பழந்துணியைப் பயன்படுத்துவதைப் பார்த்து 1998 வாக்கில் தொடங்கிய தேடல், மகளிர் குழுக்கள் வாங்கக்கூடிய சிறு இயந்திரமாக முடிந்தது. 2016இல் பத்மஸ்ரீ வந்தது. இயந்திரத்தை வாங்குவது சுலபம், ஓட்டுவதுதான் கடினம். மரக்கூழ் வரத்து, கரண்ட், கடைகளில் பெரிய கம்பெனியோடு போட்டி, தரச் சோதனை எல்லாவற்றையும் கணக்குப் பார்க்க வேண்டும். வாங்கிக்கொள்ள உறுதியான ஆள் இருந்தால் மட்டும் இறங்கலாம். அது இல்லாமல் இயந்திரம் வாங்கி மூலையில் தூசி படியவிடுவதைவிட, அந்தப் பணத்தில் தாழ்ப்பாள் போடலாம்.

‘தூரம்’ என்ற சொல்

இந்தப் பக்கத்தில் ‘வீட்டுக்குத் தூரம்’ என்றுதான் சொல்வார்கள். சொல்லிலேயே விலக்கல் இருக்கிறது. தட்டு தனி, பாய் தனி, சாமி அறைக்குப் போகக் கூடாது. வயசுக்கு வந்த பெண்ணை ஒன்பது நாள், பதினொரு நாள், சில வீடுகளில் பதினாறு நாள் தனியாக உட்காரவைத்து, மஞ்சள் நீராட்டி, தாய்மாமன் சீர் வைத்து ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவார்கள். ஊருக்கே சொல்லும் அந்த விழாவில், உடம்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்வதில்லை. மேலே சொன்ன 2016 தொகுப்பின்படி, பருவமடையும் முன் அதைப் பற்றித் தெரிந்திருந்த இந்திய மாணவிகள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். மற்றவர்களுக்கு முதல் நாள் ரத்தம் என்பது வெறும் பயம்.

அந்த லீவில்தான் பல பெண்களின் படிப்பு முதல் முறை தளர்கிறது. ‘இனிமே எதுக்கு அவ்ளோ தூரம் பஸ்ஸுல?’ என்று பாட்டி கேட்பார். அத்தை மகனின் பேச்சு எழும். ஆகவே ஒரு பெண் வயசுக்கு வந்தாள் என்று தெரிந்ததும் வகுப்பாசிரியை வீட்டுக்குப் போய், அவளுடைய நோட்டுகளைக் கொடுத்து, எந்தத் தேதியில் பள்ளிக்கு வருவாள் என்று அம்மாவிடமே சொல்ல வைக்க வேண்டும். சீர் தட்டில் ஒரு பள்ளிப் பையும் வைக்கச் சொல்லித் தாய்மாமனைக் கேட்கலாம். பல தாய்மாமன்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப்பெண்’ திட்டத்தை இந்த வீட்டுத் திண்ணையில்தான் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 5 முதல் நடைமுறையில் உள்ள அதைப் பற்றி, கல்லூரி வாசலில் பேசுவதற்குள் பாதிப் பெண்கள் போய்விட்டிருப்பார்கள்.

தீட்டு பற்றிப் பேசும்போது சாமியை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் மேல்மருவத்தூர் இருக்கிறது. மாதவிடாய் நாளிலும் பெண்கள் வரலாம், கருவறைக்குள் தாங்களே பூஜை செய்யலாம் என்று பங்காரு அடிகளார் நடைமுறையாக்கிய கோயில் அது. செவ்வாடை கட்டி, இருமுடி எடுத்து அங்கே போகாத ஊர் இந்த வட்டாரத்தில் இல்லை. ‘ஆதிபராசக்தி ஒதுக்கவில்லையே, நாம் ஏன் பிள்ளையை ஒதுக்க வேண்டும்?’ என்று அதே செவ்வாடைத் தாய் ஒருவர் மகளிர் குழுக் கூட்டத்தில் கேட்டால், எந்தப் பிரசுரமும் செய்யாத வேலை நடக்கும். காட்டுவதற்குக் கீதா இளங்கோவனின் ‘மாதவிடாய்’ ஆவணப்படமும் உதவும்.

பள்ளிக்கூடமே ஒதுக்கும்போது என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவு அருகே ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்பு தலித் மாணவி ஒருத்தி மாதவிடாய் என்பதற்காக வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். தாய் எடுத்த வீடியோ ஊரெல்லாம் போன பிறகே நடவடிக்கை வந்தது. அதற்கு எட்டாண்டுக்கு முன் பாளையங்கோட்டையில், உடையில் கறை பட்டதற்காக அவமானப்படுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட பன்னிரண்டு வயது மாணவியை இழந்தோம். ஆசிரியருக்கு ஒரே ஒரு விதி போதும்: கழிப்பறைக்கு என்று பெண் எழுந்தால் காரணம் கேட்காமல் அனுப்புவது. ஆசிரியைகளின் அறையில் இரண்டு மாற்று உடையும் பத்து நாப்கினும், எடுத்துக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லாத ஒரு திறந்த டப்பாவில் இருக்கட்டும்.

பையன்களை வெளியே அனுப்பிவிட்டு மாதவிடாய் பற்றிய பாடத்தை நடத்தும் வழக்கம் நிற்க வேண்டும். அவர்களும் அறிவியல் புத்தகத்தில் கருப்பையின் படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள்தான். யாரும் சொல்லித் தராததால் சிரிக்கிறார்கள். நாளைக்கு நாப்கினை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தரும் கடைக்காரரும், கொடியில் துணி காயப்போட விடாத கணவரும் இவர்களில் இருந்துதான் வருவார்கள்.

பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள்

பள்ளிக்கு வருபவளைப் பற்றியே இதுவரை பேசினோம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்விடும் இருளர் பெண்பிள்ளைக்கு எந்தப் பதிவேட்டிலும் நாப்கின் இல்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாக இந்தக் குடும்பங்களின் சாதிச் சான்றிதழுக்கும் கல்விக்கும் போராடிவருகிறார்கள். சான்றிதழ் இல்லாத பிள்ளை பள்ளியில் நிலைப்பதே கடினம். வயசுக்கு வந்த பிறகு சூளையில் கழிப்பறையும் இல்லை, கதவுள்ள குடிசையும் இல்லை. புதுயுகம் பள்ளிக்கு வராத பெண்களுக்கும் உரியது என்பதால், கிராம சுகாதார செவிலியரிடம் சூளைகளின் பட்டியலைக் கொடுத்து, எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொடுத்தால் அவர் கேட்டு வாங்க முடியும். நேரில் போய்ப் பார்த்து எழுதுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

குப்பை பற்றிச் சுருக்கமாக: நாப்கினைக் கழிப்பறைக்குள் போடக் கூடாது, ஏரியில் எறியக் கூடாது, தாளில் சுற்றி மூடிய தொட்டியில் போட வேண்டும். பஞ்சு நாப்கினின் பெரும்பகுதி பிளாஸ்டிக். பள்ளிகளில் வைக்கும் மலிவான எரிப்பான்கள் பாதி எரித்துப் புகையைக் கக்கும். 800 டிகிரிக்கு மேல் எரியாவிட்டால் நச்சு வாயு வரும் என்கின்றன மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்கள். புனேயில் குப்பை சேகரிப்போர் தாளில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வைக்கச் சொன்னார்கள், பிரித்துக் கையால் தொடாமல் இருக்க. அது இங்கேயும் நடக்கும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதும் மாணவிகளுக்குத் தெரிய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், வலியால் எழ முடியாமல் போனால், பதினைந்து வயதாகியும் வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும்; தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. மருத்துவ ஆலோசனைக்கு 104, பள்ளி சார்ந்த புகாருக்கு 14417, குழந்தைத் திருமணப் பேச்சு என்று காதில் விழுந்தால் 1098.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊரில் அடுத்து எது வருகிறதோ அந்த நாளில் இந்த ஐந்து வரியை எழுதிக்கொண்டு போங்கள்: ‘எங்கள் ஊராட்சிப் பள்ளியில் மாணவியர் கழிப்பறைக் கதவுகளையும் தாழ்ப்பாள்களையும் முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும். பள்ளி நேரம் முழுவதும் குழாயில் தண்ணீர் வர வேண்டும். மூடிய குப்பைத் தொட்டி வைக்க வேண்டும். தூய்மைப் பணியாளரின் சம்பளம் மாதம் தவறாமல் வழங்கப்பட வேண்டும். புதுயுகம் நாப்கின் விநியோகக் கணக்கு அடுத்த கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.’ தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியே அதை வாசிக்கட்டும்.